போஸ்டரில் சிரிக்கும் மணப்பெண் யார்?

குரோம்பேட்டையிலிருந்து பெருங்களத்தூர் வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸில் போகும்போது எத்தனை மணப்பெண்கள் கண்ணில் படுகிறார்கள் என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? பட்டுக்கடை, நகைக்கடை, பிரைடல் மேக்கப், ஆரி ஒர்க் பிளவுஸ், கல்யாண மண்டபம்... எல்லா போர்டிலும் ஒரு பெண் லேசாகத் தலை குனிந்து சிரித்துக்கொண்டிருப்பாள். நெற்றிச்சுட்டி, ஜடை பில்லை, ஒட்டியாணம் எல்லாம் பக்காவாக இருக்கும். அப்படியே பஸ்ஸுக்குள் திரும்பிப் பாருங்கள். அந்த போர்டு கலரில் ஒருத்தராவது தேறுவாரா என்பது சந்தேகம்தான்.

அந்த போட்டோக்களில் பலவற்றில் கல்யாணமே நடந்திருக்காது. இதற்கு ஸ்டைல்டு ஷூட் என்று பெயர். மாப்பிள்ளை, ஐயர், பந்தி எதுவும் கிடையாது. கடைக்காரர் புடவை தருவார். டெய்லர் பிளவுஸ் தருவார். வாடகை நகைக்காரர் செட் தருவார். மேக்கப், பூ அலங்காரம், போட்டோகிராபர் என்று ஆளுக்கு ஒரு கை போடுவார்கள். நடுவில் ஒரு மாடல். பெரும்பாலும் யாரும் யாருக்கும் பில் போடுவதில்லை. எடுத்த படங்களை எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டு அவரவர் விளம்பரத்துக்கு வைத்துக்கொள்வார்கள். நடிகையைக் கூட்டி வந்து டிவியில் விளம்பரம் போட வசதியில்லாத சின்னக் கடைக்கு இது நல்ல வழி. அதில் தப்பே இல்லை.

நிஜக் கல்யாணத்தில் எடுத்த போட்டோவையே போடலாமே என்று தோன்றும். அது அவ்வளவு சுலபமில்லை. விடிகாலை முகூர்த்தம், ஹோமப் புகை, வீடியோக்காரரின் லைட், குறுக்கே கை நீட்டும் மாமா... இதற்கு நடுவே முந்தானை டிசைன் எங்கே தெரியும்? தாலி கட்டும்போது "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, பார்டர் தெரியலை" என்று சொன்னால் போட்டோகிராபருக்குச் சாப்பாடு கிடைக்காது :) அதோடு அது இன்னொரு வீட்டுப் பெண்ணின் படம். அவர் சம்மதிக்காமல் போர்டில் ஏற்றக் கூடாது. அதனால்தான் கடைகள் ஷூட்டுக்குப் போகின்றன.

படத்தைக் காட்டிப் புடவை விற்பது நம் ஊருக்குப் புதுசும் இல்லை. ராஜா ரவிவர்மா பெண்களுக்குப் புடவை கட்டி, நகை போட்டு, போஸ் கொடுக்க வைத்து வரைந்தார். 1894-ல் பம்பாயில் அச்சகம் ஆரம்பித்து அந்தப் படங்களை வீடு வீடாகக் கொண்டு போனார். நம் பக்கத்தில் கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் கடைக் காலண்டர்களில் வந்து சுவர்களில் தொங்கின. 2008-ல் தி சென்னை சில்க்ஸ் ரவிவர்மாவின் 11 ஓவியங்களை ஒரே பட்டுப் புடவையில் நெய்து, கிட்டத்தட்ட 40 லட்சம் ரூபாய்க்கு விற்றுக் கின்னஸில் இடம் பிடித்தது. 2020-ல் ஜி.வெங்கட்ராம், சமந்தா, ரம்யா கிருஷ்ணன், நதியா போன்றவர்களை வைத்து அதே ஓவியங்களைப் போட்டோவாக எடுத்துக் காலண்டர் ஆக்கினார். சுஹாசினியின் 'நாம்' அறக்கட்டளைக்காக எடுத்தது அது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நம் கண்ணில் 'அழகான புடவைக்காரி' என்றால் ரவிவர்மா வரைந்த பெண்தான். ஸ்டைல்டு ஷூட் எடுப்பவர்கள் அந்தப் பெண்ணைத்தான் திரும்பத் திரும்பத் தேடுகிறார்கள்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

மேற்குத் தாம்பரம் சண்முகம் ரோட்டில் ஒரு அம்மாவும் பெண்ணும் முகூர்த்தப் புடவை எடுக்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெண் நல்ல மாநிறம், இல்லை கறுப்பு. கடைக்குள் நுழையும் முன்பே போர்டில் இருக்கும் சிவந்த பெண் மாம்பழ மஞ்சள் கட்டிக்கொண்டு சிரிக்கிறாள். மகள் அதையே கேட்கிறாள். அம்மா மெதுவாக, "அது உன் கலருக்கு எடுக்காதுடி" என்கிறார். கடைக்காரரும் பழக்க தோஷத்தில், "ஆமாம்மா, பாப்பாவுக்கு லைட் கலரா காட்டவா?" என்பார். யாரும் மனசறிந்து புண்படுத்தவில்லை. ஆனால் தன் கல்யாணப் புடவையைத் தேடி வந்த பெண், தன்னை மறைக்கிற புடவையை வாங்கிக்கொண்டு போகிறாள். மேக்கப்பிலும் இதே கதை தொடரும். முகத்துக்கு இரண்டு ஷேடு வெளுப்பாகப் பவுண்டேஷன், கழுத்துக்கு ஒரு கலர், கைக்கு ஒரு கலர். ஆல்பத்தைப் பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் அதில் இருப்பது யார் என்று அவளுக்கே தெரியாது.

"கறுப்பாக இருந்தால் போட்டோவில் நன்றாக வராது" என்பார்கள். இது தோலின் குறை இல்லை. கலர் பிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி 'ஷெர்லி கார்டு' என்ற ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை வைத்துத்தான் பிரிண்டின் கலர் சரியா என்று லேப்களில் பார்க்க வைத்தது. 1950-களில் தொடங்கிய அந்தப் பழக்கம் பல வருஷம் ஓடியது. பழுப்பு நிறத்தின் வித்தியாசங்கள் சரியாக விழவில்லை என்று மரச்சாமான் கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும் புகார் சொன்ன பிறகுதான் அந்தப் பக்கம் கவனம் போனது. மனுஷத் தோலுக்காக இல்லை, சாக்லேட்டுக்காக!

இன்றைய டிஜிட்டல் கேமராவிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜரிகை, மல்லிகைப்பூ, வெள்ளை வேட்டி எல்லாம் பிரேமில் இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்து கேமரா தானாகவே படத்தை இருட்டாக்கிவிடும். முகம் கறுத்துப்போகும். அப்புறம் எடிட்டிங்கில் முகத்தை மட்டும் வெளுப்பாக்குவார்கள், அது சாம்பல் பூத்த மாதிரி வரும். முகத்தை வைத்து வெளிச்சத்தை அளந்து, நேர் எதிரே ஃபிளாஷ் அடிக்காமல், பக்கத்து ஜன்னலிலிருந்து பரவலாக வரும் வெளிச்சத்தில் எடுத்தால் கறுப்புத் தோலில் தானாக ஒரு மினுமினுப்பு வரும். அரக்கு, மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள் எல்லாமே அந்தத் தோலில் எடுப்பாகத்தான் இருக்கும். அம்மா சொன்ன அதே மஞ்சள்தான்!

இதைச் செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். சென்னையின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009-ல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது. 2013-ல் தனிஷ்க் விளம்பரம் ஒன்றில் மாநிறமான ஒரு மணப்பெண் வந்தார். கையில் ஒரு சின்னப் பெண் குழந்தை, நடப்பது அவருடைய மறுமணம். கௌரி ஷிண்டே இயக்கிய அந்த விளம்பரம் நாடு முழுவதும் பேசப்பட்டது. 2017-ன் கடைசியில் சென்னையைச் சேர்ந்த பரத்வாஜ் சுந்தரும் நரேஷ் நீலும் கறுப்பு நிற மாடல்களைத் தெய்வங்களாக அலங்கரித்து 'டார்க் இஸ் டிவைன்' என்று படம் எடுத்தார்கள். காலண்டரில் வெளுத்துப்போன லட்சுமி அதில் நம் தெருப் பெண்ணின் நிறத்தில் வந்தாள். இவை அத்தனையும் அலங்கரித்து, போஸ் கொடுக்க வைத்து எடுத்த படங்கள்தான். ஆக, ஷூட் எடுப்பதில் குற்றமில்லை; அதில் யாரை நிற்க வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

"அதெல்லாம் சரி, கடைக்காரர் என்ன சமூக சீர்திருத்தம் செய்யவா கடை போட்டிருக்கிறார்? ஜனங்கள் சிவப்பைத்தானே விரும்புகிறார்கள்" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கறுப்பாக இருந்தால் கல்யாணம் ஆகாது என்கிற மாதிரி விளம்பரம் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர கவுன்சில் 2014-லேயே விதி போட்டது. 2020-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி'யே பேரில் இருந்த 'ஃபேர்'-ஐ எடுத்துவிட்டது. பெரிய கம்பெனிகளே காற்று அடிக்கும் திசையைப் பார்த்துவிட்டன.

அதை விடுங்கள், வியாபாரமாகவே பார்ப்போம். தாம்பரத்தில் இருக்கும் சின்னக் கடையால் தி.நகர் கடைகளோடு விலையிலோ ஸ்டாக்கிலோ மோத முடியாது. அந்தக் கடைகள் காட்டும் அதே முகத்தையே இதுவும் காட்டினால், ஜனங்கள் லோக்கல் ட்ரெயின் ஏறி மாம்பலத்திலேயே இறங்கிவிடுவார்கள். செம்பாக்கத்துப் பெண்ணும் அனகாபுத்தூர்ப் பெண்ணும் "இது என்னை மாதிரி இருக்கே" என்று நிற்கிற ஒரு படம் தி.நகரில் கிடைக்காது. அதை இந்தக் கடை தரலாம்.

பெரிய செலவும் இல்லை. முட்டுக்காடு தட்சிணசித்ராவில் அனுமதி வாங்கிக் கட்டணம் கட்டி எடுத்தாலும் சரி, வீட்டு மாடியில் சாயங்கால வெயிலில் எடுத்தாலும் சரி. போன வருஷம் அதே கடையில் புடவை எடுத்த பெண்ணிடம், "ஒரு நாள் வர்றியாம்மா?" என்று கேட்டு, எழுதி சம்மதம் வாங்கி, ஒரு நல்ல புடவையும் கொடுத்து அவரையே நிற்க வைக்கலாம். படத்துக்குக் கீழே "விளம்பரத்துக்காக எடுத்தது, நகை வாடகை, புடவை இந்த விலை" என்று சின்னதாகப் போடலாம். போர்டைப் பார்த்து ஆசைப்பட்டு, கடன் வாங்கி ஒட்டியாணம் செய்கிற ஒரு குடும்பமாவது அதனால் தப்பிக்கும்.

எம்.எஸ். சுப்புலட்சுமி கச்சேரிகளில் கட்டிய ஒரு நீலம் 'எம்.எஸ். ப்ளூ' ஆனது. காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் அவருக்காக நெய்து கொடுத்தது அது. எந்த ஷூட்டும் இல்லை. அவர் மேடையில் அவராகவே உட்கார்ந்திருந்தார், அதைப் பார்த்தவர்கள் கடைக்குப் போய் அந்தக் கலரைக் கேட்டார்கள். புடவை அதைக் கட்டியவரின் பெயரை வாங்கிக்கொண்டது.

இந்தப் பக்கம் அடுத்து யாராவது பிரைடல் கடை திறந்தால், போர்டுக்குப் படம் தேடும் முன் ஒரு தடவை தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பத்து நிமிஷம் நின்று பார்க்கட்டும். மாடல்கள் எல்லோரும் அங்கேதான் காலேஜுக்கும் வேலைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.