எழும்பூரில் ஓர் அப்பாக்கள் பெஞ்ச்!

எழும்பூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 1908-ல் திறந்த சிவப்புக் கட்டட ஸ்டேஷன், இன்டர்வியூவுக்கு வந்து கென்னட் லேன் லாட்ஜில் மூட்டைப்பூச்சியோடு பங்கு போட்டுப் படுத்த ராத்திரி... சரிதானே?

எங்களை மாதிரி ஆட்களுக்கு எழும்பூர் என்றால் ஹால்ஸ் ரோடு. அரசு குழந்தைகள் மருத்துவமனை. கையில் ஃப்ளாஸ்க், தோளில் தூங்குகிற பையன் சகிதம் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் போதும், "குழந்தைங்க ஆஸ்பத்திரிதானே? ஏறுங்க சார்" என்று ஆட்டோ வந்து நிற்கும். முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும் போல!

எந்த ஊர் ஆஸ்பத்திரியானாலும் சரி, வார்டில் குழந்தை பக்கத்தில் அம்மா. அப்பாவுக்குப் பால் வாங்குவது, ஜெராக்ஸ் எடுப்பது, ஊருக்குப் போன் போடுவது. மிச்ச நேரத்துக்கு டீக்கடை பெஞ்ச். மூணு வாரத்துக்கு ஒரு தரம் பெண்ணுக்கு ரத்தம் ஏற்றுகிற தலசீமியா அப்பா, மகனுக்கு இழுப்பு என்று வந்த தறிக்காரர், வலிப்பு மாத்திரைச் சீட்டோடு ஒரு வாத்தியார். நான் சர்க்கரை கோஷ்டி. என் பையனுக்கு எட்டு வயசு, டைப் ஒன்.

"குழந்தைக்குப் போய் சுகரா? சாக்லேட்டா வாங்கிக் குடுத்திருப்பீங்க!" ஆபீஸில் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. சாக்லேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை ஸ்வாமி! உடம்பின் எதிர்ப்பு சக்தி, கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களையே எதிரி என்று நினைத்து அழித்துவிடுகிறது. அப்புறம் ஆயுசு முழுக்க ஊசிதான்.

போன மாசம் பெஞ்சுக்குப் புதுசாக ஓர் இளைஞர். டை கட்டின கம்பெனி உத்தியோகம். பெண்ணுக்கு நாலு வயசு. "ஒருத்தர் லேகியம் தர்றாராம். மூணு மாசத்துல ஊசியையே நிறுத்திடலாமாம்" என்றார். கண்ணில் அப்படி ஓர் ஆசை.

திருவண்ணாமலை லாரி டிரைவர் ஒருவர், எங்களுக்கெல்லாம் சீனியர், டம்ளரை டக்கென்று கீழே வைத்தார். "தம்பி, லேகியம் நிக்காது, ஊசி நின்னா புள்ளையும் நிக்காது. ரெண்டு நாள்ல வாந்தி, மூச்சு வாங்கும், மயக்கம். அப்புறம் ஐ.சி.யூ. வாசல்ல நிப்பே."

பயமுறுத்தல் இல்லை, நிஜம். 1922 ஜனவரியில் டொரண்டோவில் 14 வயசுப் பையனுக்கு இன்சுலின் போட்டுப் பார்க்கும் வரை, இந்த நோய் வந்த குழந்தைகள் ஓரிரு வருஷம் தாண்டுவதே அபூர்வம்.

இளைஞர் தலையைக் குனிந்துகொண்டார். "கை நடுங்குதுண்ணே. வொய்ஃப்தான் போடறா. நான் அடுத்த ரூமுக்குப் போயிடறேன்."

"போவாதே. அது உன்னைத்தான் தேடும்" என்றார் டிரைவர்.

அப்புறம் நடந்தது ஒரு முழு வகுப்பு. இன்சுலின் பாட்டிலில் 40 என்று போட்டிருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 என்றால் ஆரஞ்சு மூடி. மாறினால் ஆபத்து. 100-ஐ சிவப்பில் எடுத்தால் இரண்டரை மடங்கு டோஸ்! பாட்டிலை ஐஸில் நேராகப் புதைக்காதே, உறைந்தால் குப்பைக்குத்தான். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் பெரிய சட்டியில் ஈர மணல், அதற்குள் சின்னச் சட்டி, அதற்குள் பாட்டில். டிரைவர் வீட்டு ஏற்பாடு அது.

வாத்தியார் தன் பங்குக்கு, "ஸ்கூல்ல எழுதிக் குடுத்துடுங்க. கிளாஸ்ல பிஸ்கட் சாப்பிட்டா வெளியே நிக்க வெச்சிடப் போறாங்க" என்றார். (2017-ல் சி.பி.எஸ்.இ.யே பப்ளிக் பரீட்சை ஹாலுக்குள் இந்தப் பிள்ளைகள் தின்பண்டம் கொண்டுபோக அனுமதித்துவிட்டது. சில பள்ளிக்கூடங்களுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை!)

டாக்டரைப் பார்த்து முடித்து, ரயிலுக்கு நேரமிருந்தால் பாந்தியன் ரோடு மியூசியம் போவோம். வெள்ளிக்கிழமை லீவு, ஜாக்கிரதை. திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்ததும் பையனுக்கு ஊசி, ஆஸ்பத்திரி எல்லாம் மறந்துபோகும். ஆனால் நடக்க நடக்க சர்க்கரை இறங்கும். அன்றைக்கு, "அப்பா, கால் துவளுது" என்றான். நெற்றியெல்லாம் வேர்வை. குத்திப் பார்த்தால் 58. எழுபதுக்குக் கீழே போனாலே அவசரம்! மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து வெளியே படியில் உட்காரவைத்தேன். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி குத்தினால் 94.

"திமிங்கலத்துக்கு சுகர் வருமாப்பா?"

"வந்தா அவங்கப்பா எவ்ளோ பெரிய சிரிஞ்ச் வாங்கணும்!"

இந்த மாசம் அதே இளைஞரைப் பார்த்தேன். டை இல்லை. பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் சிவப்பு மூடி ஒன்று எட்டிப் பார்த்தது. "ராத்திரி ஊசி என் டிபார்ட்மென்ட் சார்" என்றார். பெஞ்ச் கோடியில் புதுசாக ஒருவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இளைஞர் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.