நான்கு ஓட்டைகள்

பி.காம். முதல் வருடத்தில் சொல்லித் தரப்படும் முதல் சோக சமாசாரத்துக்குப் பெயர் தேய்மானம். நேற்று வாங்கிய மேஜைக்கு இன்று விலை குறைவு. வருடா வருடம் பத்து சதவீதம் கழித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் ஒரு தொகை மிஞ்சும். ஸ்க்ராப் வேல்யூ. அதாவது, பழைய பேப்பர்க்காரர் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கிற காசு. அத்தோடு அந்தப் பொருளின் ஜாதகம் முடிந்தது.

முடிந்த பிறகு ஆரம்பிக்கிற ஜாதகமும் உண்டு. அதை எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் கார்ட்டூன் படங்களை விளம்பரப்படுத்துவதற்காகவும், அந்தப் படங்களின் பெயரைச் சொல்லி விற்பதற்காகவும் செய்த சாமான்களைச் சொல்கிறேன். போஸ்டர், லாபி கார்டு, தியேட்டர் வாசலில் நிற்கும் அட்டை உருவம், கைக்கடிகாரம், கண்ணாடி டம்ளர். 1928-ல் அச்சான ஒரு மிக்கி மவுஸ் போஸ்டர் 2012 நவம்பரில் டல்லஸ் நகரில் ஏலத்துக்கு வந்தது. போன விலை, 1,01,575 டாலர். ஒரே ஒரு காகிதம் சார், ஒரே ஒரு காகிதம்.

ஏன் இந்த விலை? ரொம்ப சுலபமான காரணம். யாரும் அதை வைத்துக்கொள்ளவில்லை. படம் ஓடுகிறவரை போஸ்டர். படம் போனதும் குப்பை. அமெரிக்காவில் 1940-ல் தொடங்கிப் பல வருடங்கள் நேஷனல் ஸ்க்ரீன் சர்வீஸ் என்கிற நிறுவனம்தான் தியேட்டர்களுக்கு போஸ்டர் சப்ளை செய்தது. ஓரிடத்தில் ஓட்டி முடித்ததும் திருப்பி அனுப்ப வேண்டும். அடுத்த ஊர் தியேட்டருக்கு அதே போஸ்டர் போகும். கிழிகிறவரை ஊர் சுற்றும். 27க்கு 41 அங்குலக் காகிதத்தை மடித்துத்தான் அனுப்பினார்கள். ஆகவே, அந்தக் கால போஸ்டரில் மடிப்பு இருந்தால் பதற வேண்டாம். மடிப்பே இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். மூலையில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வருடம். முன்னால் ஆங்கில ‘ஆர்’ எழுத்து இருந்தால், மறு வெளியீடு. விலை ஒரேயடியாக இறங்கிவிடும்.

காகிதமாவது பரவாயில்லை. 1937 டிசம்பர் 21-ம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் கார்த்தே சர்க்கிள் தியேட்டரில் ‘ஸ்நோ ஒயிட்’ படத்தின் முதல் காட்சி. தியேட்டருக்கு வெளியே ஏழு குள்ளர்களின் குடிசையையே கட்டி வைத்தார்கள். நீர்ச்சக்கரம், ராட்சசக் காளான்கள், வைரச் சுரங்கம் எல்லாம் உண்டு. ஜனங்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். அது போயிற்று. 1969-ல் அந்தத் தியேட்டரையே இடித்துவிட்டார்கள். ஆனால், அதே படத்தின் பெயரால் விற்ற கண்ணாடி டம்ளர்கள் இன்னும் இருக்கின்றன. யாரோ ஒரு பாட்டி அலமாரியின் பின்பக்கம் வைத்து மறந்ததால் பிழைத்தவை. தினமும் எடுத்துத் தேய்த்துக் கழுவியிருந்தால் குள்ளன் தொப்பி ஒரு வருடத்திலும் மூக்கு அடுத்த வருடத்திலும் போயிருக்கும்.

இதில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. மும்பை சோர் பஜாரில் பழைய சினிமா காகிதங்கள் விற்கும் கடையொன்றில் ‘ஜங்கிள் புக்’ லாபி கார்டு கிடைத்தது. 1967-ல் வந்த படம். தியேட்டர் வரவேற்பறையில் மாட்டி வைக்கிற, 11க்கு 14 அங்குல அட்டை. பாலு கரடி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு மூலை முறிந்திருந்தது. நான்கு மூலைகளிலும் பின் குத்திய ஓட்டைகள்.

சென்னையில் பிரேம் போடும் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சார், இந்த ஓட்டையெல்லாம் அடைச்சு கலர் குடுத்துரலாம். மேல லேமினேஷன் போட்டுட்டா நூறு வருஷத்துக்குக் கவலை இல்லை.”

“ரெண்டும் வேணாங்க. ஓட்டை அப்படியே இருக்கட்டும்.”

“அப்ப எதுக்கு சார் எங்கிட்ட கொண்டு வந்தீங்க?”

அநியாயத்துக்கு நல்ல கேள்வி. இந்தத் துறையே அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது.

நமக்கு எதையும் லேமினேட் செய்தால்தான் தூக்கம் வரும். பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்டில் ஆரம்பித்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் செய்தாகிவிட்டது. சூட்டில் உருகிய பிளாஸ்டிக் காகிதத்தோடு ஒன்றாகிவிடும். மறுபடி பிரிக்க நினைத்தால் காகிதமும் கூடவே வரும். சேகரிப்பவர்கள் அதைக் கொலை என்றே சொல்வார்கள். செலோ டேப்பும் அதே ஜாதி. சில வருடங்களில் டேப் உதிர்ந்துவிடும், அதன் பசை மட்டும் பழுப்புக் கறையாகக் காகிதத்தில் குடியேறிவிடும்.

முறையாக போஸ்டர் சீர் செய்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? காகிதத்தைக் கழுவி அமிலத்தைக் குறைக்கிறார்கள். அமிலமற்ற மெல்லிய தாளின் மேல் ஒட்டி, அதைத் துணியின் மேல் இழுத்துப் பிடித்து ஒட்டுகிறார்கள். பசை? மாவுப் பசைதான். நம் ஊரில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் வாளியில் காய்ச்சிக்கொண்டு வருவார்களே, அதற்கு ஒன்றுவிட்ட தங்கை. ஏன் அது? நாளைக்கே தண்ணீர் காட்டினால் விட்டுவிடும். சீர் செய்கிற கலையின் முதல் விதியே அதுதான். நீ இன்று செய்ததை நாளை வருகிறவன் அவிழ்க்க முடிய வேண்டும். உன்னைவிடக் கெட்டிக்காரன் ஒருத்தன் நாளை வருவான் என்கிற பணிவு அதில் இருக்கிறது.

இந்தப் பணிவு எவ்வளவு முக்கியம் என்பதை செல்களிடம் கற்றுக்கொள்ளலாம். செல் என்றால் கார்ட்டூன் படத்துக்காகக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் கையால் வரைந்து, பின்பக்கம் வண்ணம் பூசிய சித்திரம். படமெடுத்து முடித்ததும் பலவற்றைக் கழுவி மறுபடி உபயோகித்தார்கள், அல்லது குப்பையில் போட்டார்கள். 1938-ல் சான் பிரான்சிஸ்கோவின் கூர்வாசியே கேலரி ‘ஸ்நோ ஒயிட்’ செல்களை விற்க ஆரம்பித்தது. பிறகு டிஸ்னிலேண்டிலேயே ஓரிரு டாலருக்கு ஞாபகார்த்தமாக விற்றார்கள். வாங்கியவர்கள் ஆசையாக பிரேம் போட்டு, காற்றுப் புகாமல் மூடி, வெளிச்சம் படும் சுவரில் மாட்டினார்கள்.

அந்த ஆசைதான் எமனாயிற்று. ஆரம்பகால செல்கள் நைட்ரேட், பின்னால் வந்தவை அசிடேட். இரண்டுமே தாமாக அழிகிற ஜாதி. அசிடேட் கெடும்போது வினிகர் வாடை வரும். அந்த ஆவி வெளியேற வழியில்லாவிட்டால், அதுவே மிச்சத்தையும் வேகமாக அரிக்கும். பத்திரமாக மூடி வைத்தது சீக்கிரம் சாகும். காற்றாட விட்டது கொஞ்ச காலம் கூடுதலாக இருக்கும். பிள்ளை வளர்ப்பவர்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

தாள் சுருங்கச் சுருங்க, பின்னால் பூசிய வண்ணம் உரிந்து வரும். முன்பெல்லாம் என்ன செய்தார்கள் தெரியுமா? உரிந்ததைச் சுரண்டிவிட்டுப் புது பெயிண்ட் அடித்தார்கள். பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஆனால், 1937-ல் பேர் தெரியாத ஒரு பெண் ஸ்டூடியோவில் உட்கார்ந்து பூசிய வண்ணம் போய்விட்டதே! மிஞ்சியது பிளாஸ்டிக் தாளும் கோடுகளும்தான். 2009-ல் கெட்டி கன்சர்வேஷன் இன்ஸ்டிட்யூட்டும் டிஸ்னி அனிமேஷன் ரிசர்ச் லைப்ரரியும் சேர்ந்து செல்களை ஆராயத் தொடங்கின. அதில் தெரிய வந்த வழி, ஈரப்பதத்தைக் கவனமாகக் கூட்டினால் உரிந்த பழைய வண்ணமே இளகி மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்பது. புதுசாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை. முன்பே சுரண்டப்பட்டவற்றுக்கு மட்டும் இந்த வழி இல்லை.

இனிப் புது செல்களும் வரப் போவதில்லை. டிஸ்னியில் செல் முறையில் எடுத்த கடைசி முழு நீளப் படம் 1989-ல் வந்த ‘தி லிட்டில் மெர்மெய்ட்’. அடுத்து கம்ப்யூட்டர் வந்துவிட்டது. இருப்பது இவ்வளவுதான். அதுவும் தினம் தினம் கரைகிறது. எத்தனை கோடி டாலர் கொட்டினாலும் யாராலும் நிறுத்த முடியாது. தாமதப்படுத்தலாம், அவ்வளவே.

ஆகவே, கடைக்காரருக்கு நான் சொன்ன பதில் இது. “இனிமே இதுக்கு ஒண்ணும் ஆகாம இருக்கத்தாங்க கொண்டு வந்தேன்.” முறிந்த மூலைக்குப் பின்னால் மெல்லிய தாள் ஒட்டச் சொன்னேன். அமிலமில்லாத அட்டை, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி. வெயில் படாத சுவர். ஓட்டைகளை அடைத்திருந்தால் அது அழகான படமாகியிருக்கும். அடைக்காததால், ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு தியேட்டரில் ஒரு பையன் நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்பா கையைப் பிடித்து இழுத்ததற்கு அதுதான் சாட்சி.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது இருக்கும். பழைய சினிமா நோட்டீஸோ, மிட்டாயோடு வந்த ஸ்டிக்கரோ. இறக்கித் தூசு தட்டுங்கள். டேப்பைத் தூரப் போடுங்கள். லேமினேஷன் கடைப் பக்கம் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள்.