ஆறாவது முறை ஜெயித்த பாதிரியார்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

இன்று ஒரு பாதிரியாரைப் பற்றி எழுதப் போகிறேன். பெயர் வேவல் ராம்கலாவன். ஆப்பிரிக்க நாடான சீஷெல்ஸின் அதிபராக 2020 முதல் 2025 வரை இருந்தவர். பெயரைப் பார்த்ததுமே நம் ஊர் வாசனை வருகிறது இல்லையா? அவருடைய முன்னோர் பீகாரில் கோபால்கஞ்ச் மாவட்டத்துப் பர்சௌனி கிராமத்துக்காரர்கள்.

வகுப்பில் உலக வரைபடத்தை மாட்டியபோது, மடகாஸ்கருக்கு வடகிழக்கே கடலில் பொட்டுப் பொட்டாக இருப்பதைக் காட்டியிருக்கிறேன். அதுதான் சீஷெல்ஸ். 115 தீவுகள். எல்லாவற்றையும் சேர்த்தால் சுமார் 455 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை ஏறக்குறைய ஒரு லட்சம். நம் ஆவடியில் மட்டும் 2011 கணக்குப்படி கிட்டத்தட்ட மூன்றரை லட்சம் பேர் என்றால், அது எவ்வளவு சின்ன நாடு என்று பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கும் அந்த நாட்டுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1770-இல் அங்கே முதலில் குடியேறப் போன 28 பேரில் ஐந்து பேர் இந்தியர்கள். தலைநகர் விக்டோரியாவில் கோபுரத்தோடு நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு நம்மவர்கள் காவடி எடுக்கிறார்கள்.

ராம்கலாவன் 1961-இல் பிறந்தார். அப்பா தகர வேலை செய்தவர், அம்மா ஆசிரியை. மூன்று பிள்ளைகளில் இவர்தான் கடைசி. மொரீஷியஸில் இறையியல் படித்து 1985-இல் ஆங்கிலிக்கன் சபையில் குருவானார். பிறகு இங்கிலாந்தில் பர்மிங்காமிலும் படித்தார்.

அப்போது சீஷெல்ஸில் ஒரே கட்சி ஆட்சி. 1976 ஜூனில் சுதந்திரம் கிடைத்தது. ஒரு வருடம் முடிவதற்குள், அதிபர் ஜேம்ஸ் மான்சம் லண்டனுக்குப் போயிருந்த நேரத்தில், பிரான்ஸ்-ஆல்பர்ட் ரெனே ஆட்சியைக் கைப்பற்றினார். 2004 வரை அவர்தான் அதிபர். இந்தக் காலத்தில், 1990-இல், வானொலியில் நேரடியாக ஒலிபரப்பான ஒரு வழிபாட்டில் ராம்கலாவன் இந்த ஒரு கட்சி ஆட்சியைக் கேள்வி கேட்டுப் பேசினார். அடுத்த வருடம் பல கட்சி முறைக்கு அரசு சம்மதித்ததும் கட்சி தொடங்கினார்.

இனிமேல்தான் கணக்கு வருகிறது.

1998 அதிபர் தேர்தலில் அவருக்குக் கிடைத்தது சுமார் 19 சதவீதம். தோல்வி. 2001-இல் 45 சதவீதம் வரை வந்தார். தோல்வி. 2006-இலும் ஏறக்குறைய அதே 45. தோல்வி. 2011-இல் 41-க்கு இறங்கினார். அந்த வருடம் நாடாளுமன்றத் தேர்தலை அவர் கட்சி புறக்கணித்ததால் சபையிலும் இடமில்லாமல் போனது. 2015 டிசம்பரில் ஐந்தாவது முறை நின்றார். முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் இரண்டாம் சுற்று நடந்தது. ஜேம்ஸ் மிஷேல் 31,512. ராம்கலாவன் 31,319. வித்தியாசம் 193.

193 ஓட்டு என்றால் எவ்வளவு என்று எலெக்‌ஷன் டியூட்டி பார்த்தவர்களுக்குத் தெரியும். நானும் எத்தனையோ தேர்தலில் பூத்தில் உட்கார்ந்து விரலுக்கு மை வைத்திருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எத்தனை ஓட்டு பதிவானது என்று மேலே சொல்ல வேண்டும். ஒரு நல்ல பூத்தில் காலை ஒன்பதரை மணிக்குள் 193 ஓட்டு விழுந்துவிடும். ஒரு பள்ளிக்கூட வராண்டாவில் நிற்கிற ஒரு வரிசை, அவ்வளவுதான். அந்த வரிசை அளவுக்கு ஒரு நாட்டின் அதிபர் பதவி கைநழுவிப் போனது. அதுவும் பதினேழு வருடம் முயன்ற பிறகு.

அவர் வழக்குப் போட்டார். அரசியல் சாசன நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வீட்டில் உட்காரவில்லை. 2016-இல் மற்ற எதிர்க்கட்சிகளோடு கூட்டணி வைத்து நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார். மொத்தம் 33 இடத்தில் 19 கிடைத்தது. எதிர்க்கட்சிக்கு அங்கே பெரும்பான்மை கிடைத்தது அதுதான் முதல் முறை.

2018 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தவர், பர்சௌனிக்கும் போனார். ஊரே திரண்டு வரவேற்றது. அதே மாதம் இந்தியாவும் சீஷெல்ஸும் அசம்ப்ஷன் என்ற தீவில் ராணுவ வசதிகள் அமைக்க ஒப்பந்தம் போட்டன. நாடாளுமன்ற ஒப்புதல் தேவை. ராம்கலாவன் தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை, ஒப்பந்தம் நின்றுபோனது. முன்னோரின் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டவர், தன்னைத் தேர்ந்தெடுத்த ஜனங்களுக்குச் சரி என்று பட்டதைச் செய்தார். இந்தியரான நமக்கு அது பிடிக்காமல் போகலாம். ஆனால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது.

2020 அக்டோபரில் ஆறாவது முறை. 54.9 சதவீதம். பதவியில் இருந்த டானி ஃபோரை வென்றார். 1977-க்குப் பிறகு முதன்முதலாக எதிர்க்கட்சிக்காரர் அதிபரானார். கொரோனா காலம். சுற்றுலாவை நம்பிய நாடு முடங்கிக் கிடந்தது. நம் நாடு அனுப்பிய 50,000 டோஸ் கோவிஷீல்டும் அங்கே போய்ச் சேர்ந்தது. 2021 ஜனவரியிலேயே அவர் தடுப்பூசி போட்டுக்கொண்டு வழிகாட்டினார்.

அவர் ஆட்சியில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2023-இல் எதிர்க்கட்சித் தலைவர் பாட்ரிக் எர்மினி மீது சூனியம் வைத்ததாக வழக்குப் போட்டுக் கைது செய்தார்கள். மறு வருடம் அந்த வழக்கு கைவிடப்பட்டது. அதே அசம்ப்ஷன் தீவில் கத்தார் நிறுவனம் ஒன்று சொகுசு விடுதி கட்ட அனுமதித்ததற்கும் எதிர்ப்பு வந்தது. பக்கத்தில்தான் ராட்சத ஆமைகள் வாழும் அல்டாப்ரா இருக்கிறது. 2025 அக்டோபரில் நடந்த இரண்டாம் சுற்றில் அதே எர்மினி அவரைத் தோற்கடித்தார். ராம்கலாவன் பதவியை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தார்.

சாமியார்கள் அரசியலுக்கு வரலாமா என்று நம் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வாக்குவாதம் நடக்கிறது. ஆப்பிரிக்காவைப் பார்த்தால் இரண்டுக்கும் உதாரணம் கிடைக்கும். காங்கோ பிரஸ்ஸாவில் நாட்டின் முதல் அதிபர் ஃபுல்பேர் யூலு ஒரு கத்தோலிக்கக் குரு. 1963-இல் மூன்று நாள் மக்கள் கிளர்ச்சியில் பதவி இழந்தார். மலாவியில் லாசரஸ் சக்வேரா ஒரு போதகர். 2019 தேர்தல் முடிவை நீதிமன்றம் ரத்து செய்ய, 2020 மறுதேர்தலில் ஜெயித்தார். 2025 செப்டம்பரில் தோற்றதும், அதிகாரபூர்வ முடிவு வருவதற்கு முன்பே தோல்வியை ஒப்புக்கொண்டார். அங்கி எல்லோருக்கும் அங்கிதான். பதவியை எப்படிப் பிடித்தார், எப்படி விட்டார் என்பதில்தான் ஆள் தெரிகிறார். என் பதில் இவ்வளவுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகளில் ஒருவன் வார்டு உறுப்பினர் தேர்தலில் நின்று பதினோரு ஓட்டில் தோற்றான். வாசல் வாசலாகப் போய்க் கும்பிட்டவன், அதற்குப் பிறகு தெருவில் தலை காட்டுவதில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றால் முதலில் மனு எழுதிக்கொண்டு போனவன் அவன்தான். இப்போது அதையும் விட்டுவிட்டான். ஓட்டுப் போட்டவர்களும் அந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள் என்பதை அவன் மறந்துவிட்டான். டிஎன்பிஎஸ்சி ஒருமுறை எழுதி, சில மார்க்கில் போய்விட்டது என்று புத்தகத்தை மூட்டை கட்டிய பெண் பிள்ளைகளும் நம்மில் இருக்கிறார்கள்.

எல்லோரும் ஆறு முறை நில்லுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டுச் செலவும் வயதும் எனக்கும் தெரியும். ஆனால் தோற்ற மறுநாளும் செய்ய வேலை இருக்கிறது. ராம்கலாவன் 193-க்குப் பிறகு அடுத்த வேலையைத்தான் பார்த்தார்.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். நம் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்து நாலு நாள் ஆகிறது. மனுவை நான் எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொண்டு போ.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
செம்பரம்பாக்கம்