பதினொரு திருத்தங்கள்

தமிழாசிரியன் ஒருவன் மென்பொருளைப் பற்றி எழுதப் புகுவது சற்று வேடிக்கைதான். ஆயினும் ஒரு மாணவியின் இரண்டு மதிப்பெண் என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

எங்கள் துறையில் முதலாண்டு மாணவர்க்கென ஒரு செய்யுள் தொகுப்பு உண்டு. படிகள் தீர்ந்துவிடவே, மறுஅச்சுக்கு அனுப்புமுன் மூத்த பேராசிரியை ஒருவர் பதினொரு பிழைகளைத் திருத்தினார். கபிலர் பாட்டின் கீழே பரணர் பெயர் இருந்தது அவற்றுள் ஒன்று. அதே வேளையில் நான் கோவிலம்பாக்கம் வீட்டில், பழைய கோப்பை வைத்துக்கொண்டு, அருஞ்சொற்பொருள் சேர்த்துப் புதிய பதிப்பை உருவாக்கிக்கொண்டிருந்தேன். அவர் திருத்தியதை அறிவேன். அவற்றை என் கோப்பிலும் ஏற்றவேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை. புதிய பதிப்பு வந்தது. பதினொரு பிழைகளும் திரும்பி வந்தன. அவர் அதற்குள் பணி ஓய்வு பெற்றிருந்தார்.

தேர்வில் ஒரு மாணவி பரணர் என்று எழுதினாள். நானே சுழித்தேன். மறுநாள் புத்தகத்தோடு வந்து நின்றாள். "ஐயா, இதில் இப்படித்தானே இருக்கிறது?" எனக்கு நா எழவில்லை.

பெருங்குடியில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரியும் என் அக்காள் மகனிடம் இதைச் சொன்னேன். "மாமா, எங்களுக்கு இது அன்றாடப் பாடு" என்றான். பயன்பாட்டில் உள்ள பதிப்பைப் பழுதுபார்ப்போர் ஒருபுறம். அடுத்த வெளியீட்டை ஆக்குவோர் மறுபுறம். முன்னதில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் பட்டியலில் ஏறும். அதனைப் பின்னதிலும் சேர்த்தாகவேண்டும். ஒருவரே தொட்ட பகுதியானால் தானாகச் சேரும். இருவரும் தொட்டிருந்தால் கணினி முரணைக் காட்டி நின்றுவிடும், மனிதன்தான் முடிவுசெய்யவேண்டும். பார்க்காமல் ஒன்றன்மேல் ஒன்றை எழுதினால் ஒருவர் உழைப்பு சுவடின்றிப் போகும். வெளியீட்டுக்குச் சில நாள் முன்பே இருபுறமும் மாற்றங்களை நிறுத்திவிடுவதும் அதனால்தான்.

யார் எதை மாற்றினார் என்று கணினி எப்படி அறியும்? இரண்டும் பிரிவதற்கு முந்தைய மூலத்தோடு ஒப்பிட்டு அறியுமாம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய 'கிட்' போன்ற கருவிகள் அம்மூலத்தையும் காத்துவைக்கின்றன.

எனக்கு உ.வே.சா. நினைவுக்கு வந்தார். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த அவருக்கு ஆசிரியர் கைப்பட எழுதிய மூல ஏடு கிட்டவில்லை. படியெடுத்தோர் கைபட்டு வேறுபட்ட ஏடுகளே கிடைத்தன. பாடபேதங்களை ஒப்புநோக்கியே அவர் மூலத்தைத் தேடினார். எனக்கோ மூலமும் இருந்தது, திருத்தப்படியும் பக்கத்து மேசையில் இருந்தது. ஒப்புநோக்கத்தான் மனம் இல்லை.

மாணவிக்கு மதிப்பெண் தந்தேன். வகுப்பிலேயே என் பிழையை ஒப்புக்கொண்டேன். பிழைதிருத்தத் தாளும் நூலில் ஒட்டப்பட்டது. இப்போது துறை அலமாரியில் ஒரு குறிப்பேடு இருக்கிறது: பக்கம், வரி, திருத்தம், திருத்தியவர் பெயர். கடைசியில் இரண்டு கட்டங்கள்: மறுஅச்சில் சேர்ந்ததா, புதிய பதிப்பில் சேர்ந்ததா. இரண்டும் நிரம்பாமல் எந்தக் கோப்பும் அச்சகம் போவதில்லை.

முதற்பக்கத்தில் அந்தப் பதினொன்றையும் என் கையாலேயே எழுதினேன். திருத்தியவர் பெயர் என்னும் இடத்தில் பதினொரு முறையும் அப்பேராசிரியையின் பெயர்.