திட்டுத் திட்டாய் ஒரு சுவர்

தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட மலையக மக்களின் 200 ஆண்டு நினைவு நடைபயணம் 2023 ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில் நிறைவுற்றது. செய்தியை அனுப்பிவிட்டு, மறுநாள் என் பழைய 4க்கு 5 அங்குலக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு தோட்டத்து லயத்துக்குப் போனேன். எண்பதைக் கடந்த பாட்டி ஒருவர் வெள்ளையடித்த சுவரின்முன் அமர்ந்தார். நான்கு தாள் பிலிம்களில் எடுத்தேன். "அடையாள அட்டைக்குப் புடிச்சதுக்குப் பொறகு இதுதான் தம்பி" என்று சிரித்தார்.

இரண்டு தாள்களைக் கழுவினேன். முகம் நன்றாக வந்திருந்தது. சுவரோ மேகம் கவிந்ததுபோல் திட்டுத் திட்டாக இருந்தது. நெகட்டிவின் ஒரு நீள விளிம்பிலும் அடர்ந்த பட்டை. மீதி இரண்டையும் பெட்டியிலிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாமென்று ஒத்திப்போட்டேன்.

2024 சித்திரையில் பேத்தி தொலைபேசியில் அழைத்தார். "பாட்டி போயிட்டாங்க மாமா. கருமாதிக்கு வைக்க ஒரு படம் வேணும்." பதினாறு நாட்கள் இருந்தன. பெட்டியில் இரண்டே தாள்கள்.

இருட்டறையில் பிழை நேர்ந்தால் முதலில் தண்ணீரைத்தான் திட்டுவோம். வடிநீர் வாங்கி வந்து, வேறொரு வெள்ளைச் சுவரைப் படமெடுத்துக் கழுவிப் பார்த்தேன்; அதே திட்டு. புதிய ஐடி-11 தூள் கரைத்தேன், அதே திட்டு. அதன் பிறகே பழைய நெகட்டிவ்களை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் படித்தேன். ஓரத்து வெறும் பகுதி தெளிவாக இருந்தது, வெளிச்சம் கசியவில்லை. இரு தாள்களிலும் திட்டுகள் வெவ்வேறு இடங்களில் விழுந்திருந்தன. ஆகவே சுவரிலும் குற்றமில்லை. மிஞ்சியது என் கை.

எஃப்பீ4 பிலிமுக்கு, கலக்காத ஐடி-11இல், 20 பாகையில் எட்டரை நிமிடம். என் தட்டிலோ 27 பாகை. சூட்டுக்கேற்ப நேரத்தைக் குறைத்து, நாலரை நிமிடத்தில் முடித்திருந்தேன். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் மருந்து எல்லா இடத்தையும் ஒன்றுபோல் பற்றுவதற்குள் வேலை முடிந்துவிடும். முதலில் நனைந்த இடம் முந்திக்கொள்ளும். விளிம்புப் பட்டைக்கு வேறு காரணம். தட்டை ஒரே திசையில் வேகமாக ஆட்டியிருக்கிறேன். மருந்து ஒரு பக்கச் சுவரில் மோதித் திரும்பும் இடத்தில் பிலிம் கூடுதலாகக் கறுத்துவிடுகிறது.

ஒருமுறைக்கு ஒன்றைத்தான் மாற்றினேன். பெரிய தட்டில் ஐஸ் கட்டியிட்டு, அதற்குள் மருந்துத் தட்டை வைத்து 20 பாகைக்கு இறக்கினேன். மருந்தில் சரிபாதி நீர் கலந்து 11 நிமிடமாக நீட்டினேன். திட்டு மறைந்தது, பட்டை நின்றது. அடுத்ததாக, தாளைவிட இரு மடங்கு பெரிய தட்டை எடுத்து, நான்கு பக்கங்களையும் மாறி மாறி மெதுவாக உயர்த்தினேன். பட்டையும் போயிற்று.

பன்னிரண்டாம் நாள் இரவு பாட்டியின் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். முதலில் அதே குளிர்ச்சியில் வெறும் நீரில் ஊறல். பிறகு தாள் முழுவதும் ஒரே வீச்சில் மருந்துக்குள். கும்மிருட்டில் 11 நிமிடம் மிக நீளமானது. அவசரப்பட இடமில்லாமல் நாற்புறமும் தட்டைத் தூக்கித் தாழ்த்திக்கொண்டிருந்தேன். ஃபிக்ஸரில் போதிய நேரம் கிடந்த பின் விளக்கைப் போட்டேன். சுவர் சுவராகவே இருந்தது.

நாளிதழ் வேலை என்னை நேரத்தைச் சுருக்கவே பழக்கியிருந்தது. அன்று பாட்டி சிரித்தபோதே இந்த நிதானம் இருந்திருந்தால், படத்தை அவர் கையிலேயே கொடுத்திருப்பேன். கருமாதியன்று மாலைக்குள் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சுவரை யாரும் கவனிக்கவில்லை.