காருக்கு ஒரு கவசம்

கடலோர நகரில் குடியேறி வாழ்வோருக்கு இரும்பின் ஆயுள் எவ்வளவு என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஜன்னல் கம்பியும் வாயிற்கதவின் கீலும் நாள்தோறும் அதைச் சொல்லிக்கொண்டேயிருக்கின்றன. திருவனந்தபுரத்திலோ உப்புக் காற்றோடு இரண்டு பருவ மழைகளும் சேர்ந்துகொள்கின்றன. வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி ஓய்ந்து சற்றே மூச்சு விடுவதற்குள் ஐப்பசியில் துலாவர்ஷம் வந்துவிடுகிறது. இடையே அடிக்கும் வெயிலும் லேசானதன்று. இவை அனைத்தையும் தாங்கித் தெருவில் நிற்கும் காரைப் பற்றியும், அதன் வர்ணத்தைக் காப்பதற்கென்று இப்போது எங்கும் பேசப்படும் ‘செராமிக் கோட்டிங்’ என்னும் மேற்பூச்சைப் பற்றியும் இங்கே சில வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

கரமனையிலும் வலியசாலையிலும் நம்மவர் வாழும் பழைய தெருக்களை அன்பர்கள் அறிவார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். திண்ணையை விட்டு இறங்கினால் தெரு. அவற்றைக் கட்டிய முன்னோர் காருக்கு இடம் விடவில்லை. விடவேண்டிய அவசியமும் அன்று இல்லை. ஆகவே நம் வண்டி வாங்கிய நாள் முதல் வெட்டவெளியில்தான் நிற்கிறது. அது ஆடம்பரத்துக்கென வாங்கியதன்று. நாகர்கோவிலுக்கு அப்பால் சொந்த ஊரில் இருக்கும் அன்னையாரை மாதந்தோறும் கண் சிகிச்சைக்காக இங்கே அழைத்து வரவும், திரும்பக் கொண்டுபோய் விடவும் அதுவே துணை. மூத்த பெண்ணின் படிப்பு முடிந்து இளையவனின் படிப்பும் முடியும் வரை வேறு வண்டியை நினைக்க வழியில்லை.

இந்நிலையில், புறவழிச்சாலையில் உள்ள கடையொன்றில் இப்பூச்சுக்கு 32,000 ரூபாய் கேட்டார்கள். “பத்து வருஷம் வண்டியைத் திரும்பிப் பார்க்க வேண்டாம்” என்றும் சொன்னார்கள். வீட்டில் இரண்டு கட்சி உண்டாயிற்று. மழையில் நிறம் மங்கி, பிறகு முழு வண்டிக்கும் வர்ணம் அடிப்பதைவிட இது மேல் என்றது ஒரு கட்சி. பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கென வைத்த தொகையில் கைவைப்பதா என்றது மற்றது. இரு கட்சியிலும் நியாயம் இருந்தமையால், பணத்தைக் கொடுப்பதற்கு முன் விஷயத்தை விசாரித்து அறிவதென்று முடிவு செய்தோம்.

காரின் வர்ணம் என்று நாம் பார்ப்பது ஒரே பூச்சன்று. எஃகுத் தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் சமனாக்கும் பூச்சு, அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற தெளிபூச்சு. இவ்வளவும் சேர்ந்து சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரான் கனமே. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதில் வெயிலையும் உராய்வையும் தாங்கும் தெளிபூச்சு ஏறக்குறைய 40, 50 மைக்ரான்தான்.

நம் வண்டியின் வெள்ளை நிறத்துக்கும் இந்தக் கடற்கரைக்கும் ஓர் உறவு உண்டு. வெள்ளை வர்ணத்துக்கு உயிராக உள்ள டைட்டானியம் டை ஆக்ஸைடு, இல்மனைட் என்னும் கருமணலிலிருந்து கிடைப்பது. அம்மணல் மணவாளக்குறிச்சி முதல் சவரா வரை நம் கரையோரத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டபின் இக்கரை மணலின் மதிப்பு உலகுக்குத் தெரிந்தது. சர் சி. பி. ராமஸ்வாமி அய்யர் திவானாக இருந்த காலத்தில், 1946-ல், இந்நகரின் கொச்சுவேளியில் டிராவன்கூர் டைட்டானியம் தொழிற்சாலை நிறுவப்பட்டதும் இம்மணலை நம்பியே. கரிய மணல் வெண்ணிறம் தருகிறது. அந்நிறம் காக்கவோ மணலின் இன்னொரு பொருளான சிலிக்காவை நாடுகிறோம்.

ஆம், செராமிக் என்ற பெயரைக் கேட்டு எவரும் குயவர் சூளையை நினைக்க வேண்டாம். சிலிக்கனைச் சேர்ந்த ரசாயனங்களைக் கரைப்பானில் கரைத்த திரவம் அது. பூசியபின் கரைப்பான் ஆவியாகிப் போக, எஞ்சியது காற்றின் ஈரத்தோடு கூடி, சிலிக்காவைப் போன்ற மெல்லிய படலமாகத் தெளிபூச்சின்மேல் இறுகுகிறது. அதன் கனம் ஒன்று அல்லது இரண்டு மைக்ரான். தலைமயிரின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை நினைத்தால் இதன் மென்மை விளங்கும்.

கடைக்காரர் ‘ஒன்பது எச்’ என்று பெருமையாகச் சொன்னார். கேட்பவர் வைரத்துக்கு அடுத்த கடினம் என்று எண்ணிக்கொள்வது இயல்பு. ஆனால் அது ரத்தினங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவன்று, பென்சில் அளவு. மிகக் கடினமான பென்சிலால் கீறினாலும் படலம் கீறுபடவில்லை என்பதே அதன் பொருள். சாவிக்கொத்துக்கும், தெருவில் உரசிப் போகும் சைக்கிளுக்கும் அது ஈடுகொடுக்காது.

தாமரை இலைத் தண்ணீர்போல் நீர் ஒட்டாது என்பது இன்னொரு விளம்பரம். நீர் முத்து முத்தாகத் திரண்டு உருள்வது உண்மையே; சேறும் தூசியும் எளிதில் கழுவுப்படுவதும் உண்மை. ஆயினும் தாமரை இலையின் மேற்புறம் கண்ணுக்குத் தெரியாத மேடுகள் நிறைந்தது, படலமோ வழவழப்பானது. அதனால் தாமரை அளவுக்கு இதனால் இயலாது. உப்புச் சத்துள்ள கிணற்று நீரால் கழுவி வெயிலில் உலரவிட்டால் ஒவ்வொரு முத்தும் ஒரு வெள்ளை வட்டத்தை விட்டுச் செல்லும்.

நிற்க. வேலை எப்படி நடக்கிறது என்று அறிய, நமக்குத் தெரிந்த ஒரு சிறு பட்டறைக்குச் சென்றோம். அங்கே வேலை செய்தவர் தென்காசிப் பக்கத்துப் பிள்ளை. நம் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்து, “அண்ணாச்சி, பூசுறது கொஞ்ச நேர வேலைதான், அதுக்கு முன்னால தேய்க்கிறதுதான் ரெண்டு நாள்” என்றார். முழு ரகசியமும் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது. முதலில் வண்டியைக் கழுவி ஒரு திரவத்தைத் தெளித்தார். வர்ணத்தில் பதிந்திருந்த இரும்புத் தூள்கள் ஊதா நிறமாகக் கரைந்து வழிந்தன. பின்பு பிசைந்த மாவு போன்ற ஒரு கட்டியால் துடைத்து மற்ற பிசுக்குகளை எடுத்தார். அதன்பின் இயந்திரத்தால் மெருகேற்றி, எண்ணெய்ப் பசை போக ஆல்கஹாலால் துடைத்தார். இவ்வளவுக்கும் பிறகே, சிறு துணியில் சில சொட்டுகள் விட்டு, கை அகலப் பகுதிகளாக, குறுக்கும் நெடுக்குமாகப் பூசினார். பூச்சில் வானவில் போன்ற சாயல் தோன்றியதும் தாமதமின்றித் துடைத்தார். தாமதித்தால் திட்டு நிலைத்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் காற்றின் ஈரம் மிகுதியாகையால் கைவேகம் இன்னும் வேண்டும் என்றார்.

அடியில் கீறலோ கறையோ இருப்பின் பூச்சு அதை மறைக்காது. உள்ளே வைத்துப் பூட்டிவிடும். மற்றொன்று, மெருகேற்றும்போது தெளிபூச்சு சில மைக்ரான் வரை தேய்ந்துபோகக்கூடும். அதாவது, மேலே சேர்ப்பதைவிட அதிகம் கீழே குறையலாம். புறவழிச்சாலைக் கடையின் உறுதிச்சீட்டிலோ ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி மீண்டும் மெருகேற்ற வேண்டும் என்பது பொடி எழுத்தில் இருந்தது. அவ்விதம் செய்தால் சில ஆண்டுகளில் காக்க வேண்டிய பொருளே மெலிந்துவிடும் அன்றோ?

அடைத்த அறையில், ஆவி மூக்கைத் துளைக்கும் அத்திரவத்தோடு, அப்பிள்ளை வெறும் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு வேலை செய்ததைக் கண்டு மனம் பொறுக்கவில்லை. துணி தூசியைத் தடுக்குமேயன்றிக் கரைப்பானின் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும். பட்டறை உரிமையாளரிடம் அதைச் சொன்னோம். வாங்கி வைத்த பிறகே நம் வண்டியைக் கொடுப்பதாகவும் சொன்னோம். அவர் முகம் சுளிக்காமல் ஒப்புக்கொண்டார். வண்டிக்குக் கவசம் தேடும் நாம் அதைப் பூசும் பிள்ளையின் மூச்சை மறக்கலாமா? வீட்டை விட்டு வந்து பிழைப்பவன் அவன். நாமும் அப்படி வந்தவர்களே.

முடிவில் ஒருமுறை மெருகும் ஒற்றைப் பூச்சும் 14,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். நம் ஊரில் துரு பெரும்பாலும் தொடங்குவது மேலேயன்று. அடித்தகட்டிலும் கதவோரங்களிலும் மண்ணும் உப்பும் தங்கும் மூலைகளிலும். அங்கே மேற்பூச்சு எட்டாது. எனவே வேறொரு சிறு தொகையில் அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சும் இட்டோம். கல்லூரிக் கட்டணம் பத்திரமாக இருந்தது.

இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. நிறம் மங்கவில்லை; கழுவும் வேலை பாதியாயிற்று. காக்கை எச்சத்தை மட்டும் அன்றே துடைக்கத்தான் வேண்டியிருக்கிறது. சைக்கிள் ஒன்று இழுத்த கோடும் கதவில் அப்படியே இருக்கிறது.

ஆகவே, பூசிக்கொள்ள எண்ணும் அன்பர்கள் இடவப்பாதிக்கு முன், வறண்ட நாட்களில் செய்துகொள்ளட்டும். முதல் நாள் முழுதும் நீர் படாமலும், ஒரு வாரம் சோப்புப் படாமலும் காக்கட்டும். எத்தனை அடுக்கு என்று கேட்பதைவிட, எத்தனை நாள் தேய்ப்பீர்கள் என்று கேட்கட்டும். பிறகு நிழலில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும். வசதியில்லாதோர் வருந்த வேண்டாம். மாதம் இருமுறை நன்னீரால் கழுவி, அடிப்பாகத்தின் மண்ணையும் நீக்கிவந்தால், இந்த உப்புக் காற்றிலும் வண்டி நெடுநாள் உழைக்கும்.