கொம்பைத் தொட்ட கை

கொரியாவின் மரபு வில்லுக்குக் கக்குங் என்று பெயர். நாணைக் கழற்றிவிட்டால் எதிர்ப்பக்கமாகச் சுருண்டு ஏறக்குறைய வட்டமாகிவிடும். நாணேற்றினால் 145 மீட்டர் தள்ளி நிற்கும் இலக்குக்கு அம்பை அனுப்பும். நடுவில் மூங்கில், கைப்பிடியில் ஓக் மரம், இரண்டு நுனிகளிலும் மல்பெரி மரம். முதுகுப் பக்கம் மாட்டின் தசைநார், எய்பவரைப் பார்த்த வயிற்றுப் பக்கம் எருமைக் கொம்பு. எல்லாவற்றையும் ஒட்டிப் பிடிப்பது மீனின் காற்றுப்பையைக் காய்ச்சி எடுத்த பசை. வேலை நிமித்தமாகக் கொரியாவில் இருந்த காலத்தில், விடுமுறை நாள்களில் ஒரு பெரியவரின் பட்டறையில் உட்கார்ந்து, இந்த வில்லுக்கான கொம்பைப் பதப்படுத்தக் கற்றுக்கொண்டேன்.

இதை வீட்டில் சொல்லவில்லை. முட்டைகூட நுழையாத வீடு எங்களுடையது. அதுமட்டுமென்றால் சொல்லியிருப்பேன். செத்த மாட்டின் தோலையும் கொம்பையும் தொடுகிறவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திப் பேசிய வீடும் அதுதான். அதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். "ஞாயித்துக்கிழமை என்னடா பண்றே?" என்று அம்மா கேட்டால், "வில்வித்தை கத்துக்கறேம்மா" என்பேன். அம்மாவுக்கு அர்ஜுனன் ஞாபகம் வந்துவிடும். மகிழ்ந்துபோவாள். கொம்பைப் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்வேன்.

கொரியாவுக்கு நீர் எருமை சொந்தமில்லை. ஜோசன் அரசர்கள் வில்லுக்கான கொம்பை வெளியிலிருந்து வரவழைத்தார்கள். 15ஆம் நூற்றாண்டில் ரியூக்யூ தீவுகளிலிருந்து எருமைகளையே கொண்டுவந்து வளர்த்துப் பார்த்தார்கள். அத்தனை அருமையான பொருள் அது. பட்டறைக்கு ஒரு கொம்பு வந்து சேர்ந்ததும் பெரியவர் அவசரப்பட மாட்டார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், தட்டிக் கேட்பார். கொம்பு என்பது எலும்பின் மேல் அடுக்கடுக்காக வளரும் உறை. நம் நகத்தில் இருக்கும் கெரட்டின்தான் அதிலும் இருக்கிறது. அடிப்பக்கம் உள்ளீடற்றது, நுனி கெட்டி. அடுக்குகளுக்கு நடுவே எங்காவது பிளவு ஒளிந்திருந்தால் அந்தக் கொம்பு வில்லுக்கு ஆகாது.

காரணம் எளிது. வில்லை வளைக்கும்போது முதுகு இழுபடும், வயிறு அமுங்கும். இழுவையைத் தசைநார் தாங்கும், அமுக்கத்தைக் கொம்பு தாங்கும். நல்ல வன்மரம் தாங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அமுக்கத்தைக் கொம்பு தாங்கிவிடும். இவ்வளவு சின்ன வில்லை அவ்வளவு ஆழமாக வளைக்க முடிவது அதனால்தான்.

தேர்ந்த கொம்பை நீளவாக்கில் அறுத்துப் பட்டையெடுப்போம். வளர்ந்த வளைவு அதில் அப்படியே இருக்கும். சூடு காட்டினால் கொம்பு இளகும். இளகியதும் அழுத்தி நேராக்கி, ஆறும்வரை பிடிமானத்தில் வைக்க வேண்டும். சூடு குறைந்தால் விரிசல் விடும். கூடினால் கருகி நொறுங்கும், முடி பொசுங்கும் வாடை எழும். பிறகு சுரண்டல். வெயிலும் மழையும் தின்ற மேல்தோல் போக வேண்டும், உட்பக்கத்தின் மேடுபள்ளம் போக வேண்டும். இரு பட்டைகளும் கனத்தில் ஒத்துவர வேண்டும். இல்லாவிட்டால் வில்லின் ஒரு கை வலுத்து மறு கை தளரும். இதற்குப் பெரியவர் அளவுகோலைத் தேடியதில்லை. கட்டைவிரலால் விளிம்பைத் தடவியபடியே போவார். ஓரிடத்தில் விரல் நிற்கும். அங்கே அரத்தை வைப்பார்.

ஒட்டுகிற முகம் தயாரானதும் என் விரல் தன்போக்கில் அதன்மேல் போயிற்று. பெரியவர் தடுத்தார். "அந்தப் பக்கம் விரல் வைக்காதே. உன் கை எண்ணெய் கொம்புக்கு ஆகாது. பசை பிடிக்காது."

கொம்பைத் தொட்டால் கை தீட்டு என்று கேட்டே வளர்ந்தவன் நான். இங்கே என் கைதான் கொம்புக்குத் தீட்டு. இதில் சடங்கில்லை, சாத்திரமில்லை. எண்ணெய்ப் பசை இருக்கும் முகத்தில் ஒட்டு நிற்காது, அவ்வளவுதான். ஆனால் சிறுவயதிலிருந்து எனக்குள் இருந்த ஏதோ ஒன்றை அந்தச் சொல் புரட்டிப் போட்டது.

கொரியாவும் இதில் தூய நாடல்ல. மாடறுத்தவர்களையும் தோல் பதனிட்டவர்களையும் பெக்ஜொங் என்று சொல்லி ஊருக்கு வெளியே வைத்திருந்தார்கள். 1894ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் அந்தப் பிரிவைச் சட்டத்தில் ஒழித்தது, மனத்தில் ஒழியவில்லை. 1923இல் ஜின்ஜு நகரில் அந்த மக்களே சம உரிமைக்காக இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது. கொம்பும் தசைநாரும் சேர்ந்த வில்லைச் செய்யும் கலையையோ, 1971இல் அரசு நாட்டின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. வில் போற்றப்பட்டது, மாட்டைத் தொட்டவன் ஒதுக்கப்பட்டான். எங்கள் வீட்டுக் கூடத்தில் மிருதங்கம் ஒலித்ததும் இப்படித்தான். பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் சேர்ந்த அந்த வாத்தியத்துக்குக் கூடத்தில் இடம் இருந்தது. தோலைத் தேர்ந்து, மூட்டு கட்டி, அதற்குக் குரல் கொடுத்தவருக்கு வாசல்தான்.

அடுத்த முறை பேசியபோது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கையை நன்னாக் கழுவிண்டியாடா?" என்றாள். "வேலைக்கு முன்னாடியே கழுவணும்மா, இல்லேன்னா பசை பிடிக்காது" என்றேன். அன்றைக்கு அம்மா அதை ஏற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவளிடம் நான் எதையும் மறைக்கவில்லை.

எந்தக் கொம்பு பிளக்கும், எந்தத் தோல் இழுவை தாங்கும், எவ்வளவு சூட்டில் எது இளகும் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கையால் சேர்த்த அறிவு. அந்த அறிவு எங்கள் வாசலில் வந்து நின்றது. ஒரு கேள்விகூடக் கேட்காமல் அனுப்பிவிட்டோம். நான் கடல்தாண்டிப் போய்க் கற்றதன் பாடம் இதுதான்: அந்தக் கைவினைஞர்களை வீட்டுக்குள் அழைத்தால் மட்டும் போதாது. அவர்களை ஆசிரியர் இடத்தில் உட்கார வைத்து, எதிரே மாணவனாக உட்கார வேண்டும்.